இரு பனிக்கு ஒரு பலகை

பனிச்சறுக்குப் பலகை ஒன்றை விலைகொடுத்து வாங்கிய கதைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன இடம் என்று வாசகர்கள் வினவக்கூடும். வினவுவது முறையே. நாமும் ஐம்பதை நெருங்கும் வரை பனிமலையைக் கண்ணால் கண்டிருந்தோமேயன்றிக் காலால் அறிந்ததில்லை. பணி நிமித்தமாகக் கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரில் 2011ஆம் ஆண்டு குடியேறிய பின்னரும், குளிர்காலம் என்பது வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்கென்றே ஏற்பட்ட காலம் எனக் கருதியிருந்தோம். பள்ளித் தோழர்களோடு மலைக்குச் சென்று திரும்பிய நம் மகன் ஒருநாள் மாலை வாசலில் நின்று, நனைந்த காலுறையைக் கழற்றியவாறே, "அத்தா, ஒரு தடவை நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தான். அந்த அழைப்பில் தொடங்கியது இது. பின்னாளில் அவனுக்கெனச் சொந்தமாக ஒரு பலகை வாங்கும் பொறுப்பு நம்மிடம் வந்தபோது நாம் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை எழுதுவதற்கு இந்த மலர் ஒரு வாய்ப்பாயிற்று.

முதலில் சொற்சிக்கல் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிக்கும் பனி என்றோம். இமயத்தின் முடிமீது கிடப்பதற்கும் பனி என்றோம். வெயில் நாட்டு மொழிக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் சறுக்குவோனுக்கு அவ்வொரு சொல் போதாது. புதிதாக விழுந்து, எவர் காலும் படாமல், கோதுமை மாவைக் கொட்டி வைத்தாற்போல் ஆழ்ந்து கிடப்பதை ஆங்கிலத்தில் 'பௌடர்' என்பர். நாம் பொடிப்பனி என்போம். இரவெல்லாம் பெரிய எந்திரங்களை ஓட்டி அமுக்கிச் சீவிய சரிவு வேறு. அதைச் சீர்பனி எனலாம். மூன்றாவதாக, பனியைக் குவித்து மேடுகளாகவும் பள்ளங்களாகவும் செதுக்கி, இடையிடையே இரும்புக் குழாய்களையும் பெட்டிகளையும் நட்டு, இளைஞர்கள் தாவவும் சுழலவும் வழுக்கவும் அமைத்த இடம் உண்டு. அதற்கு 'டெர்ரெயின் பார்க்' என்று பெயர். பூங்கா என்றால் மலர் நினைவுக்கு வந்துவிடும் ஆதலால் சாகசத் திடல் என்று வைத்துக்கொண்டோம். நம் மகனுக்கு இந்தப் பெயர் சிறிதும் பிடிக்கவில்லை; அவனுக்கு அது என்றும் 'பார்க்'தான்.

வான்கூவரிலிருந்து வடக்கே 99ஆம் எண் நெடுஞ்சாலையில், ஒரு புறம் கடற்கழியும் மறுபுறம் பாறையுமாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சென்றால் விஸ்லர் என்னும் ஊர் வரும். விஸ்லர், பிளாக்கோம் என இரண்டு மலைகள் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. முன்னதில் 1966இலும் பின்னதில் 1980இலும் சறுக்குத்தளங்கள் திறக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டு இரண்டு மலைகளுக்கும் இடையே 4.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவட ஊர்தி அமைத்தார்கள். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 436 மீட்டர் உயரத்தில் அதில் தொங்கிக்கொண்டு சென்ற முதல் நாளில் நாம் கீழே பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 675 மீட்டரில் இருக்க, விஸ்லர் மலையின் உச்சி 2,180 மீட்டரையும் கடந்து நிற்கிறது. ஆதலின் கீழே மழையும் மேலே பனியுமாகப் பொழிவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து மீட்டருக்கு மேல் பனி விழும் மலை அது. கடற்காற்றின் ஈரத்தைச் சுமந்து வருவதால் அப்பனி உள்நாட்டு மலைகளின் பனியைக் காட்டிலும் கனத்தது. இந்த ஈரமும் கனமும் பலகை தேர்வில் குறுக்கிடும் என்பது நமக்கு அப்போது தெரியாது.

பொடிப்பனியில் நாம் முதன்முதல் இறங்கிய காலையை எண்ணினால் இன்றும் முழங்கால் கூசுகிறது. வாடகைக்கு எடுத்த ஒடுங்கிய பலகை, இடுப்பளவு பனி. கடற்கரை மணலில் ஓட முயல்வோனின் கால் புதைவதுபோல் புதைந்தது. புதைந்தது மட்டுமன்று, முனை பனிக்குள் முக்குளித்து, உடல் முன்னே பாய, நாம் குப்புற விழுந்தோம். எழ முயன்று கையை ஊன்றினால் கையும் உள்ளே சென்றது. ஊன்றுவதற்குத் தரை என்று ஒன்று அங்கே இல்லை. நம் மகன் மேலிருந்து மிதந்து வந்து நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பலகை ஒல்லி, அத்தா. அதுதான் காரணம்" என்றான். நம் உடலின் கனமும் காரணம் என்பதை மரியாதை கருதி அவன் சொல்லவில்லை.

அவன் கூறிய காரணம் சரியானதே. பலகையின் நடுப்பகுதியில் காலணிக்குக் கீழுள்ள அகலத்தை இடை அகலம் என்று கொள்ளலாம். சீர்பனியில் விரைவோர்க்கு 70, 80 மில்லிமீட்டர் போதும். சாகசத் திடலில் ஆடுவோர் பெரும்பாலும் 85க்கும் 95க்கும் இடையில் வைத்துக்கொள்வர். ஆழ்ந்த பொடிப்பனிக்கோ 110, 115, அதற்கும் மேல். அகலம் கூடக் கூட எடை பரந்த பரப்பில் தாங்கப்படுகிறது. பலகை மூழ்காமல் மிதக்கிறது. படகின் அடிப்பகுதி அகன்றிருப்பதன் பயனே இதற்கும் உண்டு. ஆனால் அதே அகலம் கடினமான தரையில் சுமையாகிவிடும். பலகையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ப்பதற்கு அகன்ற பலகை நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குரிய விலையை முழங்கால் கொடுக்கும்.

திடல் கேட்பது முற்றிலும் வேறு. அங்கே ஒருவன் மேட்டில் ஏறித் தாவி, வானில் அரைச்சுற்றுச் சுற்றி, பின்புறமாக இறங்கிப் பின்புறமாகவே சறுக்கிச் செல்வான். ஆதலின் பலகையின் வாலும் முனையைப் போலவே மேல்நோக்கி வளைந்திருத்தல் வேண்டும். காலணியைப் பற்றும் பிடிப்பு, அதாவது 'பைண்டிங்', ஏறக்குறைய நட்டநடுவில் அமைய வேண்டும். முன்னும் பின்னும் எடை ஒத்திருந்தால்தான் சுழற்சி சீராகும். இரும்புக் குழாயின்மீது உராய்வதால் எஃகு விளிம்பு சற்றே தடித்து, 2.5 மில்லிமீட்டர் அளவிலேனும் இருப்பது நல்லது. மெல்லிய விளிம்பு விரைவில் வெடித்துவிடும். பொடிப்பனி விரும்புவதோ இதற்கு நேர்மாறு. அங்கே பிடிப்பு நடுவிலிருந்து எட்டு, பத்து சென்டிமீட்டர் பின்தள்ளி இருந்தால் முன்பகுதி நீண்டு தானே மேலெழும்.

இந்த இருவகைப் பலகைகளின் வரலாறும் நாம் சறுக்கிய அந்த மலையோடு தொடர்புடையது என்பதைப் பின்னர் படித்தறிந்து வியந்தோம். 1990களில் பிளாக்கோம் மலையின் ஹார்ஸ்ட்மன் பனியாற்றில் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் நடந்தன. அங்கே பயிற்சியளித்த மைக் டக்ளஸ் என்பவரும், ஜே.பி. ஓக்ளேர் முதலிய இளைஞர்களும், பனிப்பலகை ஆட்டக்காரர்கள் தாவும் மேடுகளில் தாமும் இரட்டைப் பலகைகளோடு தாவத் தொடங்கினர். பின்புறமாக இறங்குவதற்கு வால் வளைந்த பலகை வேண்டும் என்று நிறுவனங்களை அணுகினர். பல நிறுவனங்கள் கைவிரித்தன. சலோமான் நிறுவனம் ஏற்றது. 1998இல் 'டென் எய்ட்டி' என்னும் இருமுனைப் பலகை வெளிவந்தது. மூன்று முழுச் சுற்றுகளுக்குரிய 1080 பாகையே அப்பெயருக்குக் காரணம். அதற்கு முன்னரும் இருமுனைப் பலகைகள் செய்யப்பட்டதுண்டு. ஆயினும் உலகெங்கும் அவ்வடிவம் பரவியது இதற்குப் பின்னர்தான். 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் இத்தகைய தாவல் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. அவ்வாண்டின் செப்டம்பர் மாதத்திலேயே ஓக்ளேர் சிலி நாட்டில் பனிச்சரிவில் உயிரிழந்தார்.

பொடிப்பனிப் பலகையை மாற்றியமைத்தவர்களுள் ஒருவர் ஷேன் மெக்கான்கி. அவர் 1969இல் வான்கூவரில் பிறந்தவர். அவருடைய தந்தை ஜிம் மெக்கான்கி விஸ்லரில் சறுக்குப் பள்ளியை நடத்தியவர். தரையில் வைத்தால் நடு உயர்ந்து இருமுனையும் தரையைத் தொடுவதே அதுவரை பலகைகளின் இலக்கணம். மெக்கான்கி அதைத் தலைகீழாக்கினார். நீரின்மேல் சறுக்கும் பலகை எப்படி நடு தாழ்ந்து முனை உயர்ந்திருக்கிறதோ அப்படியே பொடிப்பனிக்கும் இருக்கட்டும் என்றார். அவர் எண்ணத்திலிருந்து 2000களின் தொடக்கத்தில் 'ஸ்பாட்டுலா' என்னும் பலகை உருவாயிற்று. நகைத்தவர்கள் பலர். இன்று கடைகளில் நிற்கும் அகன்ற பலகைகளுள் முனை முன்கூட்டியே உயராத பலகையைக் காண்பது அரிது. மெக்கான்கி 2009இல் இத்தாலியின் மலையொன்றில் மாண்டார். இவ்விருவர் முடிவையும் படித்த தந்தை ஒருவனின் மனநிலையை வாசகர்கள் ஊகிக்கலாம். நாம் செய்த காரியத்துக்கு அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

2021ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நம் மகனுக்குப் பதினைந்து வயது. கால் வளர்ச்சி ஒருவாறு நின்றுவிட்டபடியால் இனி வாடகைப் பலகை வேண்டாம், சொந்தமாக வாங்கலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. இரண்டு சோடி வாங்க வகையில்லை. "ஒரே சோடி போதும் அத்தா. பார்க்குக்கும் ஆக வேண்டும், பௌடருக்கும் ஆக வேண்டும்" என்றான். நாம் தனியே கடைக்குச் சென்றோம். அவ்வாண்டு மார்ச்சு மாதம் திடலின் ஓரத்தில் நாம் நின்றிருந்தபோது, ஓர் இளைஞனைக் காப்புப் படையினர் சறுக்குத் தூளியில் கிடத்திக் கட்டிக் கீழே கொண்டுசென்றனர். அவன் முகம் போர்வைக்கு வெளியே தெரிந்தது. நம் மகனின் வயதுதான் இருக்கும். அந்த முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டே கடைக்குள் நுழைந்தோம்.

கடைப் பணியாளர் முறையாகத்தான் கேட்டார்: எங்கே மிகுதியாகச் சறுக்குவான், திடலுக்குச் செல்வானா என்று. நாம் "இல்லை" என்றோம். அந்த ஒரு சொல்லின் பயனாக 114 மில்லிமீட்டர் இடை அகலமும், தட்டையான வாலும், நன்கு பின்தள்ளிய பிடிப்புமாக, பொடிப்பனிக்கென்றே பிறந்த பலகை ஒன்று நம் கைக்கு வந்தது. இதைக் கட்டிக்கொண்டு எவனும் திடலில் தாவ மாட்டான். தாவ முயன்றாலும் கனம் தாங்காமல் விட்டுவிடுவான் என்பதே நம் கணக்கு. வீட்டில் அவனிடம், "கேட்டுத்தான் வாங்கினேன். இரண்டுக்கும் ஆகுமாம்" என்று சொன்னோம். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாலைக் கையால் தடவினான். "நல்லா இருக்கு அத்தா" என்றான்.

நம் கணக்கு தவறியது. பதினைந்து வயதுக்குக் கனம் ஒரு பொருட்டன்று. அடுத்த ஆண்டு சனவரியில் ஒருநாள், தோழர்களோடு திடலுக்குச் சென்று, நடுத்தர மேடு ஒன்றில் தாவி, அரைச்சுற்றுச் சுற்றிப் பின்புறமாக இறங்கினான். வளைந்த வாலாயிருந்தால் பனியின்மேல் ஏறி வழுக்கியிருக்கும். தட்டை வால் இறங்குசரிவின் இளகிய பனியைக் குத்தி நின்றுவிட்டது. உடல் பின்னோக்கிச் சாய, வலக்கையை ஊன்றினான். மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் கட்டுப் போட்டு முடியும்வரை, "நான்தான் சரியாக இறங்கவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நாம் அருகில் அமர்ந்து தலையை அசைத்துக்கொண்டிருந்தோம். வீடு திரும்பிய பின் நம் மனைவியார் பலகையைச் சுவரோரம் நிறுத்திச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "கடையில் என்ன கேட்டு வாங்கினீர்கள்?" என்று வினவினார். விளையாட்டு அறியாதவர் அவர். ஆனால் நம்மை அறிந்தவர். நாம் விடையிறுக்கவில்லை.

கை கூடுவதற்கு ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரங்களில் நாம் செய்த பயனுள்ள செயல் ஒன்றே: அவன் குறிப்பேட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். வாடகைப் பலகையோடு முந்தைய பருவத்தில் மலைக்குச் சென்ற நாள்கள் 22. அவற்றுள் திடலிலேயே கழித்தவை ஒன்பது. முழங்காலுக்கு மேல் புதுப்பனி கிடைத்த நாள்கள் நான்கே. எஞ்சிய ஒன்பது நாள்களும் சீர்பனியிலும், பிறர் உழுது சிதைத்துவிட்ட பழைய பனியிலும் கழிந்திருந்தன. திடலுக்குச் சென்ற நாளிலும் மின்னிருக்கையில் ஏறி இறங்கி மேட்டைச் சென்றடையும் வழியெல்லாம் சீர்பனிதான். பொடிப்பனி நாளிலும் பத்து மணிக்குமேல் மலை முழுவதும் உழவு வயலாகிவிடும். திடலுக்கும் பொடிப்பனிக்கும் இடையே எந்தப் பலகை என்று மக்கள் வழக்காடுகின்றனர். அவ்விரண்டுமல்லாத பனியில்தான் பெரும்பொழுது கழிகிறது என்பதை நாம் அன்றுதான் கண்டோம். பெருமழையாய்ப் பனி கொட்டும் நாளில் திடலே மூடிக்கிடக்கும்; மேடுகளைத் தோண்டி எடுத்து மீண்டும் செதுக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே பலகை இரண்டையும் செய்து காட்ட வேண்டிய தேவை நாம் அஞ்சியதைவிடக் குறைவே.

மார்ச்சு மாத இறுதியில், கட்டு அவிழ்த்த பின், மலையைப் பார்த்துவிட்டேனும் வருவோம் என்று இருவரும் காரில் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்குவாமிஷ் ஊரைத் தாண்டி, கடற்கழி இருளத் தொடங்கிய இடத்தில், கடையில் நாம் "இல்லை" என்று சொன்னதை அவனிடம் கூறினோம். சாலையைப் பார்த்துக்கொண்டே கூறினோம். முகம் பார்த்துச் சொல்ல வேண்டாத இடமாகக் காரைத் தேர்ந்ததும் ஒரு கோழைத்தனமே. அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சிறிது தொலைவு சென்றபின், "எனக்குத் தெரியும் அத்தா. வால் தட்டையாக இருக்கிறதே, பார்த்தவுடனே தெரிந்தது. நீங்கள் ஆசையாக வாங்கி வந்தீர்கள், அதனால் சொல்லவில்லை" என்றான்.

அவனும் மறைத்திருக்கிறான், நாமும் மறைத்திருக்கிறோம். அவன் மறைத்தது நம் மனம் நோகாதிருக்க. நாம் மறைத்தது நம் அச்சத்துக்காக. பின்னர் அவனே பேச்சை மாற்றி, அடுத்த பருவத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டான்.

அந்த இலையுதிர்காலத்தில் சேர்ந்தே தேடினோம். அவசரப்படவில்லை. பருவத் தொடக்கத்தில் மலையடிவாரத்தில் பலகைகளைக் கட்டிப் பார்க்கக் கொடுக்கும் நாள்கள் உண்டு. அப்படி ஒருநாள் மூன்று சோடிகளை அவன் மாற்றி மாற்றிக் கட்டினான். 88 மில்லிமீட்டர் பலகை சீர்பனியில் கத்திபோல் திரும்பியது. ஆயினும் ஓரத்தில் குவிந்திருந்த பனியில் இறங்கியதும் முக்குளித்தது. 106 மில்லிமீட்டர் பலகை பனியில் நன்றாக மிதந்தது; ஆனால் மாலையில் அவனே முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். 98 மில்லிமீட்டர் பலகை எதிலும் முதற்பரிசு பெறாது. எதிலும் தோற்கவும் இல்லை. காலுக்குக் கீழே பழைய முறைப்படி நடு உயர்ந்தும், முனையும் வாலும் முன்கூட்டியே மேலெழுந்தும் இருந்த அமைப்பு அது. முன்னதைக் 'கேம்பர்' என்றும் பின்னதை 'ராக்கர்' என்றும் வழங்குவர். நடுவின் வளைவு குழாயின்மீதும் கடினப் பனியிலும் பிடி கொடுக்கும். உயர்ந்த முனைகள் பொடிப்பனியில் மிதப்புக் கொடுக்கும். விஸ்லரின் கனத்த பனியைக் கருதினால் 90க்குக் கீழே இறங்குவது அறிவுடைமையன்று என்று கடையில் இருந்தவரும் கூறினார். முனைகள் உயர்ந்த பலகை தரையைத் தொடும் நீளம் குறைவு ஆதலால், 172 சென்டிமீட்டர் உயரமுள்ள அவனுக்கு 177 சென்டிமீட்டர் நீளம் எடுத்தோம். பலகை மிக இளகியதாகவும் இருக்கக் கூடாது. வளைத்து விளையாட இன்பமாக இருக்கும், ஆனால் பெரிய மேட்டிலிருந்து இறங்கும்போது வால் மடங்கி மனிதனைக் கீழே தள்ளும். இந்தச் செய்தியில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை.

உண்மையான வழக்கு பிடிப்பைப் பொருத்தும் இடத்தில் எழுந்தது. பலகையின் மேல் நடுக்கோடும், அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடும் அச்சிடப்பட்டிருந்தன. அவன் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் பின்னே போதும் என்றான். நாம் ஆறு என்றோம். துளையிட்டபின் மாற்றுவது எளிதன்று. புதுத் துளைகள் பழையவற்றினின்று போதிய இடைவெளி விட்டே அமைய வேண்டும். துளைகள் மிகுந்தால் பலகையின் நடு வலுவிழக்கும். முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பிடிப்புகளும் உண்டு. கனமும் உயரமும் கூடுமென்று அவற்றை விட்டோம். பிடிப்பைப் பொருத்தும் பணியாளர் துளைக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். இறுதியில் மூன்றரைக்கு உடன்பட்டோம். சந்தையில் பேரம் பேசுவதுபோல் நடுவில் வெட்டியதன்று அது. பின்புறமாக இறங்கும்போது வால் போதிய நீளம் இருக்க வேண்டும் என்பதை ஆறில் நின்ற நாம் அவனிடம் கற்றோம். கனத்த பனியில் முனை மேலெழ இடம் வேண்டும் என்பதை அவன் தன் பழைய பலகையிடம் கற்றிருந்தான்.

பிடிப்பின் விடுவிப்பு எண்ணைக் குறித்தும் ஒரு சொல். விழும்போது காலணியைப் பலகையிலிருந்து விடுவிக்கும் விசை அது. எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்கும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு அட்டவணை பார்த்து வைக்க வேண்டியது. தாவும்போது கழன்றுவிடுகிறது என்று திருகாணியைத் தாமே இறுக்கிக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் விலையாகக் கொடுப்பது முழங்கால் தசைநாரை. எவ்வகைச் சறுக்கு என்று பணியாளர் கேட்டபோது நாம் வாயைத் திறக்கவில்லை. அவன் ஒரு கணம் நம்மைப் பார்த்துவிட்டு, "நடுத்தரம். பார்க்குக்கும் போவேன்" என்றான்.

பழைய பலகையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. விற்றால் பாதி விலையும் தேறாது. "அது உங்களுக்குத்தான் சரி அத்தா. நீங்கள் பார்க்குக்குப் போக மாட்டீர்கள்" என்றான் நம் மகன். அதில் ஏளனம் உண்டோ என்று இன்றுவரை நமக்குத் தெளிவில்லை. நம் காலணிக்கேற்பப் புதுத் துளையிட்டுப் பிடிப்பை மாற்றினார்கள். ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கு அட்டவணையில் ஒரு படி குறைத்தே வைக்க வேண்டுமாம்; பணியாளர் நம் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டு மறுபேச்சின்றிக் குறைத்துவிட்டார். அந்த அகன்ற பலகை நம்மைப் பொடிப்பனியில் தாங்குகிறது. முன்போல் முக்குளிப்பதில்லை. பெரிய மரங்களின் அடியில் பனி குழியாகக் கிடக்கும், விழுந்தால் மூச்சு முட்டும் என்பதால் மரக்கூட்டத்தினின்று விலகியே இறங்குகிறோம். துணையின்றி ஒருபோதும் இறங்குவதில்லை.

2022 திசம்பரில் புதுப்பலகையின் முதல் நாள். முந்தைய இரவு முழுவதும் பனி கொட்டியிருந்தது. திடல் மூடியிருந்தது. மேற்சரிவில் அவன் நமக்கு முன்னே சென்றான். பழைய பலகையில் மிதந்த அளவுக்கு மிதக்கவில்லை. திரும்பும்போதெல்லாம் கால் சற்றே புதைந்தது. கீழே நின்று திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் இறங்குது அத்தா, ஆனால் திரும்புது!" என்று கத்தினான். நாம் அவன் பழைய பலகையில் அவனைக் கடந்து மிதந்து சென்றோம். வாழ்நாளில் அவனை நாம் முந்தியது அந்த ஒரு முறைதான்.

பத்து நாள்கள் கழித்துத் திடல் திறந்தது. நாம் வேலியோரத்தில் நின்றோம், முன்பு அந்த இளைஞனைக் கொண்டுசென்ற அதே ஓரம். மேட்டின் மேலே சிவப்புச் சட்டையொன்று தெரிந்தது, கையை உயர்த்தியது, இறங்கத் தொடங்கியது. மேட்டின் உதட்டைப் பலகை தொட்ட ஓசை கேட்டது. பின்னர் ஓசையில்லை. அதன்பின் பனியில் பலகை படிந்து வழுக்கும் நீண்ட ஒலி. பார்த்தபோது அவன் பின்புறமாகச் சறுக்கிச் சென்றுகொண்டிருந்தான், வளைந்த வால் முன்னே பனியைச் சீவ. நாம் கைதட்டினோம்; தடித்த கையுறைகளுக்குள் ஓசை எழவில்லை.

அவன் வேலிக்கருகே வந்து நின்று மூச்சு வாங்கினான். "பார்த்தீர்களா அத்தா?" என்று கேட்டான்.

குதித்ததைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டோம். இறங்கியதைப் பார்த்தோம் என்று உள்ளபடியே சொன்னோம்.

"சரி, இருங்கள். இன்னொரு தடவை வருகிறேன்" என்று சொல்லிவிட்டு மின்னிருக்கையை நோக்கிச் சறுக்கிச் சென்றான்.